வெளிக்களக் கல்வியில் எந்த வேலை? 45 நிமிடம், 5 நாள், 3 வாரம், ஓர் ஆண்டு

சூழல் கல்வி, வகுப்பறைக்கு வெளியே நடக்கும் வெளிக்களக் கல்வி பக்கம் வர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இடத்தை வைத்தே வேலை தேடுகிறார்கள். காடு பிடிக்கும், கடல் பிடிக்கும், மலை பிடிக்கும். ஆனால் எவ்வளவு அழகான இடமும் சில மாதங்களில் பழகிவிடும். பிறகு நாளை நிரப்புவது எதிரில் நிற்கும் மாணவரும், அவரோடு உங்களுக்குக் கிடைக்கிற நேரமும்தான்.

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: ஒரே ஆளை எவ்வளவு நேரம் உங்கள் கையில் விடப்போகிறார்கள்? பார்வையாளர்களைக் கூட்டிப்போய் இடத்தை விளக்கிச் சொல்லும் பூங்கா விளக்குநருக்கு 45 நிமிடம். பள்ளிப் பிள்ளைகள் வந்து தங்கும் உறைவிட முகாமின் பயிற்றுநருக்கு 3 முதல் 5 நாள். இளைஞர் குழுவை மலையிலும் காட்டிலும் நடத்திச்செல்லும் நெடும்பயணப் பயிற்றுநருக்கு 2 முதல் 4 வாரம். பள்ளி ஆசிரியருக்கு ஒரு முழு ஆண்டு. சம்பளம் வரும் விதம், படிக்க வேண்டிய படிப்பு, உடல் தேய்வது, வீட்டோடு இருக்க முடிவது எல்லாமே பெரும்பாலும் இந்த ஒரு கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

தொடர்பு நேரம். 1977 அக்டோபரில் திபிலிசி நகரில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து நடத்திய மாநாடு, சூழல் கல்வியின் நோக்கங்களை ஐந்தாகப் பிரித்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. வேலையைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது கடினம். 45 நிமிடத்தில் விழிப்புணர்வைத் தொடலாம். ஐந்து நாளில் அறிவும் மனப்பான்மையும் கொஞ்சம் அசையும். திறன் கைக்கு வர வாரங்கள் வேண்டும். தன் ஊர் ஏரிக்காக ஒரு பிள்ளை தானாகவே ஏதாவது செய்யத் தொடங்குவதைப் பார்க்க மாதங்கள் வேண்டும். எதைப் பார்த்தால் உங்கள் மனம் நிறையும் என்பதை முதலிலேயே நேர்மையாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

உண்மையான மணிக்கூலி. ஒப்பந்தத்தில் வாரம் 40 மணி நேரம் என்று இருக்கும். முன்தயாரிப்பு, இரவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, கருவிகளைக் கழுவிக் காயவைப்பது எல்லாம் சேர்ந்து 60 ஆனால், மணிக்கூலி மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று பொருள். ஒப்பந்தம் 8 மாதத்துக்கு என்றால் மொத்தத் தொகையை 12-ஆல் வகுத்துப் பாருங்கள். தங்குமிடமும் உணவும் இலவசம் என்றால் அதன் மதிப்பைக் கூட்டுங்கள். சான்றிதழ் புதுப்பிப்பு, காலணி, மழைச்சட்டை, காப்பீடு ஆகியவற்றைக் கழியுங்கள். மீதி வருவதை வைத்து மட்டுமே ஒரு வேலையை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும்.

பொறுப்பின் எடை. விபத்து நடந்தால் உதவி வந்துசேர எத்தனை நிமிடம்? அதுவரை முடிவெடுப்பவர் நீங்கள் ஒருவரா, பக்கத்தில் இன்னொருவர் உண்டா?

ஐந்தாம் ஆண்டு. இந்தத் துறையில் பதவி உயர்வு என்பது பல இடங்களில் வெளியிலிருந்து உள்ளே போவதுதான். அட்டவணை, பணியமர்த்தல், நிதி விண்ணப்பம், மின்னஞ்சல் என்று நாள் மேசைக்குப் போய்விடும். அதை வரவேற்பவர்களும் உண்டு. தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதுதான் வேதனை.

| | விளக்குநர் | உறைவிட முகாம் | நெடும்பயணம் | பள்ளி |
|---|---|---|---|---|
| ஒரே ஆளோடு நேரம் | 30–60 நிமிடம் | 3–5 நாள் | 2–4 வாரம் | ஓர் ஆண்டும் அதற்கு மேலும் |
| வருமானம் | மாதச் சம்பளம், பகுதி நேரம் அதிகம் | பருவகால ஒப்பந்தம் | பயண நாள் கணக்கு | ஆண்டு முழுவதும் |
| நுழையத் தேவை | பாட அறிவு, பேச்சு | முதலுதவி, பிள்ளைகளோடு அனுபவம் | வனப்பகுதி முதலுதவி, தொழில்நுட்பச் சான்று | ஆசிரியப் பட்டம் |
| முதலில் தேய்வது | குரல் | தனிமை | முழங்கால், உறவுகள் | வெளியில் போகும் நேரம் |
| வீட்டோடு இருக்க | எளிது, வார இறுதி தவிர | கடினம் | மிகக் கடினம் | எளிது |

## விளக்குநர்: பூங்கா, விலங்கியல் பூங்கா, அருங்காட்சியகம்

வேலை சுருக்கமானது, ஆனால் எளிதானதல்ல. 45 நிமிட நடையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது, ஐந்து இடங்களுக்கு மேல் நிற்கவும் முடியாது. எல்லா நிறுத்தங்களையும் கட்டிப்போடும் ஒரே வாக்கியம் தேவை. "இந்தச் சதுப்பு நிலம் மழைநீரைப் பிடித்து மெல்ல விடுகிறது" என்று வைத்துக்கொண்டால், நாணலும் சேறும் நாரையும் அந்த வாக்கியத்துக்குச் சாட்சியாக வந்து நிற்கும். புதிதாக வருபவர்கள் செய்யும் பிழை பெயர்ப்பட்டியல். இருபது பறவைப் பெயர்களைக் கேட்ட பார்வையாளர் வாசலைத் தாண்டும்போது ஒன்றைக்கூட நினைவில் வைத்திருக்க மாட்டார்.

சின்ன விஷயங்களில்தான் வேலை நிற்கிறது. வெயில் பார்வையாளர் கண்ணில் படாமல் உங்கள் முகத்தில் படும்படி நில்லுங்கள். வரிசையின் கடைசி ஆள் வந்து சேரும்வரை பேசத் தொடங்காதீர்கள். கடைசியில் வருபவர்கள் பெரும்பாலும் சிறு பிள்ளைகளும் முதியவர்களும்தான். எதையும் கேட்காமல் நடந்தால் அவர்களுக்கு அது வெறும் நடை.

நுழைவதற்கு உயிரியல், புவியியல், வரலாறு போன்ற ஏதாவது ஒரு பட்டம் உதவும். அமெரிக்காவின் தேசிய விளக்குநர் சங்கம் நடத்தும் அடிப்படை வழிகாட்டிப் பயிற்சி 32 மணி நேரம்தான். மற்ற பாதைகளோடு பார்த்தால் மிகச் சிறிய முதலீடு.

மறைந்திருக்கும் விலை: ஒரே நடையை ஒரே நாளில் நான்கு முறை செய்வீர்கள். காற்றோடும் கூட்டத்தோடும் போட்டி போட்டுப் பேசிப் பேசித் தொண்டை கட்டும். நல்ல இடுப்பு ஒலிபெருக்கி இந்த வேலையில் ஆடம்பரம் அல்ல. வார இறுதியும் விடுமுறை நாளும்தான் உங்கள் உச்ச வேலை நாட்கள், அதனால் வீட்டு விசேஷங்கள் தவறும். நாளின் கணிசமான பகுதி கழிவறைக்கு வழி சொல்வதிலும், காணாமல்போன பிள்ளையைத் தேடுவதிலும், நுழைவுச்சீட்டு மேசையிலும் போகும்.

யாருக்குப் பொருந்தும்: ஒரே ஊரில் வீடு வைத்துக்கொள்ள வேண்டியவர்கள், முழங்கால் ஒத்துழைக்காதவர்கள், அந்நியரோடு பேசி உற்சாகம் பெறுபவர்கள். விதைத்ததன் விளைச்சலைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குப் பொருந்தாது. அந்த 45 நிமிடத்துக்குப் பின் அவரை நீங்கள் மறுபடி பார்க்கப்போவதில்லை.

## உறைவிட முகாம்: 3 முதல் 5 நாள்

இந்தத் துறையின் பெரிய நாற்றங்கால் இதுதான். கற்பித்தலைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். காரணம், ஒரே பாடத்தை ஒரு பருவத்தில் இருபது முப்பது முறை, வேறு வேறு பிள்ளைகளோடு நடத்துவீர்கள். எது வேலைசெய்கிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

பள்ளியிலிருந்து ஒரு வகுப்பு வரும். ஒருவர் பொறுப்பில் 10 முதல் 14 பேர். காலை உணவுக்கு முன் தொடங்கி இரவு நடை முடியும்வரை நாள் நீளும். நடத்துவது எவை? ஓடையில் வலை வைத்துக் கல்லைக் கிளறி நீர்ப்பூச்சிகளைப் பிடித்து, அவற்றை வைத்தே தண்ணீரின் தரத்தை மதிப்பிடுவது. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை இளம்பூச்சிகள் பல வகையாக இருந்தால் பொதுவாகத் தண்ணீரில் உயிர்வளி நன்றாக இருக்கிறது. மண்புழு போன்ற சிவப்பு நீர்ப்புழுக்களும் கடிக்காத கொசு வகைகளின் சிவப்புப் புழுக்களும் மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது, ஒரு மீட்டர் சதுரச் சட்டத்துக்குள் இருக்கும் செடிகளை எண்ணுவது, பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாசியைப் பார்ப்பது.

கெடுவது எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். ஓடைப் பாடம் பெரும்பாலும் பூச்சியால் கெடுவதில்லை, ஈரக் காலுறையால் கெடுகிறது. குளிரும் பிள்ளை எதையும் கற்காது. மாற்றுக் காலுறை எடுத்துவராதவர் யார் என்று கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். இரவு நடை டார்ச்சால் கெடும். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருவர் ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் அடித்தாலும் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுகளைக் கிளம்பும் முன்பே வாங்கிவைத்துவிட்டு, அவசரத்துக்கு உங்களிடம் மட்டும் சிவப்பு விளக்கு இருந்தால் போதும்.

மறைந்திருக்கும் விலைகளில் முதலாவது தங்குமிடம். இலவச அறை என்பது சலுகையாகத் தெரியும். ஆனால் வேலையும் வீடும் ஒரே வளாகத்தில் என்றால் விடுமுறை நாளிலும் யாராவது கதவைத் தட்டுவார்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் வேலையும் வீடும் ஒன்றாகப் போகும். குழந்தை பிறந்தபின் இந்த ஏற்பாடு நிலைப்பது அரிது. இரண்டாவது உடல்நலம்: வாரம் ஒரு புதிய கூட்டம் வந்தால் வாரம் ஒரு புதிய சளியும் வயிற்றுப்போக்கும் வரும். மூன்றாவதை யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பேருந்து கிளம்பும்போது ஒரு பிள்ளை அழும், திங்கள்கிழமை அவள் இடத்தில் இன்னொருத்தி நிற்பாள். மனத்தை ஒவ்வொரு வாரமும் திறந்து மூட வேண்டியிருப்பது சிலரைக் கரைத்துவிடுகிறது. இரண்டு மூன்று பருவத்தில் பலர் விலகுவதற்குச் சம்பளம் ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம்.

யாருக்குப் பொருந்தும்: படிப்பு முடித்து இன்னும் எந்தப் பக்கம் என்று முடிவெடுக்காதவர்களுக்கு, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு. அதற்கு மேல் இருப்பதானால் ஒருங்கிணைப்பாளர் பதவிக்கான பாதை அந்த மையத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள எளிய வழி: இப்போதைய ஒருங்கிணைப்பாளர் அங்கேயே பயிற்றுநராக இருந்து வந்தவரா?

## நெடும்பயணப் பயிற்றுநர்: 2 முதல் 4 வாரம்

இந்தப் பாதையின் வேர் 1941-இல் வேல்ஸின் அபெர்டோவி கடலோரத்தில் இருக்கிறது. கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் நிறுவன அதிபர் லாரன்ஸ் ஹோல்ட்டும் அங்கே அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். போர்க்காலத்தில் கப்பல் மூழ்கும்போது இளம் மாலுமிகள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது அதன் உடனடித் தேவை. 1965-இல் பால் பெட்சோல்ட் அமெரிக்காவின் வயோமிங்கில் தொடங்கிய நோல்ஸ் பள்ளி, வனப்பகுதியில் தலைமை தாங்குவதைக் கற்றுத்தரும் பாடமாக ஆக்கியது. சூழல் கல்வி இங்கே பாடப்புத்தகமாக வராது. மலம் புதைக்க 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழியை நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தானே தோண்டுகிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு, நீர் மாசு பற்றித் தனி வகுப்பு தேவையில்லை.

ஆனால் வேலையின் பெரும்பகுதி கணக்கும் கண்காணிப்பும்தான். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் தொடக்கப்புள்ளி: சமதளத்தில் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கி.மீ. தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் என்றால் 3 மணி 24 நிமிடம். முதுகுச்சுமையோடு நடக்கும் புதிய இளைஞர் குழுவுக்கு அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்குங்கள், 5 முதல் 7 மணி நேரம் வரும். இந்தப் பெருக்கலைச் செய்யாத பயிற்றுநர்தான் இருட்டில் கூடாரம் அடிக்கிறார். களைத்த குழு தவறான இடத்தில் கூடாரம் அடிக்கும், சரியாகச் சாப்பிடாது, மறுநாள் கால் இடறும். விபத்துகள் பல இப்படி முந்தைய நாள் மதியத்தில் தொடங்குகின்றன.

மின்னலுக்கும் கணக்கு உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடியோ அதற்குக் குறைவோ என்றால் உடனே முகட்டிலிருந்து இறங்க வேண்டும், கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஏற வேண்டும். கொதிக்கவைத்த நீர் ஒரு நிமிடம் தளதளக்க வேண்டும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

நுழைவுச் செலவு கனமானது. மருத்துவ உதவி மணிக்கணக்கில் தள்ளியிருக்கும் இடங்களுக்கான முதலுதவிப் பயிற்சி 70 முதல் 80 மணி நேரம். தருபவரைப் பொறுத்து இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 16 மணி நேரச் சிறிய பயிற்சி உதவிப் பயிற்றுநருக்கு உதவலாம், தலைமைப் பொறுப்புக்குப் போதாது. பாறையேற்றம், படகு, பனிச்சரிவு ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று. கருவிகளில் பெரும்பாலானவற்றை நீங்களே வாங்க வேண்டியிருக்கும்.

மறைந்த விலை இன்னும் பெரியது. 15 முதல் 20 கிலோ சுமையோடு ஆண்டுக்கு நூறு நாள் இறக்கத்தில் நடந்தால் முழங்கால் கணக்குக் கேட்கும். மூன்று வாரம் தொலைபேசி எட்டாத இடத்தில் இருப்பவர்களின் உறவுகளைப் பொறுமையான துணைதான் தாங்கிப்பிடிக்க முடியும். பயண நாளுக்குத்தான் சம்பளம், இரு பயணங்களுக்கு இடையில் வாடகை உங்கள் தலையில். இரவும் வேலை நேரமே: கூடாரத்தில் ஒரு பிள்ளைக்கு வயிறு வலித்தால் அது வாயுவா குடல்வாலா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

சேர்வதற்கு முன் ஒரு நிறுவனத்திடம் கட்டாயம் கேளுங்கள்: மயிரிழையில் தப்பிய சம்பவங்களைப் பதிவுசெய்கிறீர்களா, கடைசியாகப் பதிவான ஒன்றிலிருந்து எதை மாற்றினீர்கள்? "எங்களிடம் அப்படி எதுவும் நடப்பதில்லை" என்று பதில் வந்தால் அங்கே சேராதீர்கள். நடக்காத இடம் கிடையாது, எழுதிவைக்காத இடம்தான் உண்டு.

யாருக்குப் பொருந்தும்: சில ஆண்டுகள் நிலையான வீடு இல்லாமல் இருக்க முடிபவர்களுக்கு, ஆபத்தைக் கிளர்ச்சியாக அல்லாமல் கணக்காகப் பார்க்கும் மனம் உள்ளவர்களுக்கு. சாகசத்துக்காக மட்டும் வருபவர்களுக்கு இது ஏமாற்றம். குழுவின் வேகம் அதன் மெதுவான கால்களின் வேகம்தான்.

## பள்ளி ஆசிரியர்

வெளியில் மிகக் குறைவான நேரம் கிடைப்பதும், மிக ஆழமான மாற்றத்தைப் பார்ப்பதும் இங்கேதான். வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் வெளியே கூட்டிப்போக முடிந்தால் அதிர்ஷ்டம். ஆனால் அதே முப்பது பிள்ளைகள், அதே மரம், ஆண்டு முழுவதும். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கி, வாரம் பத்து நிமிடம் அங்கே பேசாமல் உட்கார்ந்து பார்த்ததை எழுதச் சொன்னால், நான்காவது வாரத்தில் வேறு மாதிரியான குறிப்புகள் வரத் தொடங்கும். துளிர், பூ, காய், உதிர்வு என்று தேதிவாரியாக ஒரே மரத்தைத் தொடரும் பாடத்தை உறைவிட முகாமில் நடத்தவே முடியாது.

1993-இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் டென்மார்க்கின் மழலையர் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கியதுதான் பிரிட்டனின் வனப்பள்ளி முறை. அதன் அடிப்படை ஒரே காட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது. ஒருநாள் சுற்றுலாவுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

தடைகள் சலிப்பானவை, ஆனால் உண்மையானவை. 40 நிமிடப் பாடவேளையில் காலணி மாற்ற, வரிசையில் நிற்க, திரும்பிவந்து கை கழுவ 15 நிமிடம் போய்விடும். இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கேட்டு வாங்காமல் எதுவும் நடக்காது. அனுமதிக் கடிதம், கூட வர இன்னொரு பெரியவர், தேர்வு நெருங்கும்போது வெட்டப்படும் முதல் பாடம் உங்களுடையது. பள்ளி எல்லைக்குள் ஓர் இடத்தைத் தயார்செய்துவிட்டால் பாதித் தாள்வேலை மறையும். தலைமையாசிரியர் மாறினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

சம்பளம், விடுப்பு, ஓய்வுக்கால ஏற்பாடு ஆகியவற்றில் இந்தப் பாதையே பாதுகாப்பானது. பதவி உயர்ந்தால்தான் வருமானம் உயரும் என்ற கட்டாயமும் குறைவு, அதனால் விரும்பினால் கடைசிவரை பிள்ளைகளோடே இருக்கலாம்.

## சொந்தமாக நடத்துவது

முதல் வேலையாக இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு களநாளுக்குக் குறைந்தது ஒரு மேசைநாள் என்று கணக்கு வையுங்கள்: பள்ளிகளோடு பேசுவது, இட அனுமதி, பொறுப்புக் காப்பீடு, விலைப்பட்டியல், பாக்கி வசூல். மழையில் ரத்தாகும் நாளுக்கு யார் பணம் தருவது என்று எழுதிவாங்காமல் தொடங்கியவர்கள் ஒரே பருவத்தில் சேமிப்பை இழக்கிறார்கள். முன்பு வேலைசெய்த இடத்தில் உங்களைப் பேர் சொல்லிக் கேட்கும் பள்ளிகள் நான்கைந்து இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

## ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு

இந்த முடிவு நிரந்தரமானதல்ல, ஆனால் கதவுகள் எல்லாம் இரு பக்கமும் ஒரே மாதிரி திறப்பதில்லை. நெடும்பயணத்திலிருந்து உறைவிட முகாமுக்கும், முகாமிலிருந்து விளக்குநர் வேலைக்கும் வருவது எளிது. விளக்குநராகப் பத்தாண்டு இருந்தவர் நெடும்பயணத்துக்குப் போக உடலையும் சான்றுகளையும் புதிதாகக் கட்ட வேண்டும். பள்ளிக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஆசிரியப் பட்டம் குறுக்கே நிற்கும், குடும்பப் பொறுப்பு வந்தபின் அதைப் படிக்கச் செலவிடும் ஓர் ஆண்டு மிகக் கடினமான ஆண்டு. மலை, முகாம், பள்ளி மூன்றிலும் ஆசை இருந்தால், பட்டத்தை முதலில் முடித்துவிட்டு மலைக்குப் போகிற வரிசையே செலவு குறைந்தது.

முடிவெடுக்கும் முன் இரண்டு வேலைகளுக்காவது நேரில் போய், வாரத்தின் நடுவில் ஒரு நாள், மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, அந்தப் பயிற்றுநரின் பின்னாலேயே நடந்து பாருங்கள். அவர் சேர்ந்தபோது கூட இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.